கிரிக்கெட் பற்றி மட்டும்

வெரிபீ, மெல்பேண்
04.07.2023

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

தம்பி ரட்ணம் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் என் சீனியும் பிரஷரும் சொன்ன சொல் கேட்டு நடக்கின்றன. உங்கள் மூட்டு வலி எப்படி? மெரிலேண்ட்ஸில் இங்கத்தைக் குளிர் இல்லை என்கிறார்கள். எதற்கும் காலை மூடிக்கொண்டு படுங்கள்.

ரெலிபோனில் கதைத்தால் நான் கத்துகிறேன், நீங்கள் அழுகிறீர்கள், பிறகு இரண்டு பேருக்கும் சோறு இறங்குவதில்லை. "கடிதம் எழுது தம்பி, கடதாசி கத்தாது" என்று நீங்கள் சொன்னது சரி. எழுதுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. என் வீட்டை விட்டுவிட்டு உங்கள் வீட்டில் வந்து நிற்கிறவளைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது. அவள் கட்டப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிற அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவள் தாய் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான் என்று இருந்த வீடு இது. அவ்வளவுதான், இதற்கு மேல் எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன். கிரிக்கெட் பற்றி மட்டும் எழுதலாம்.

கிரிக்கெட் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை எங்கட ஆக்கள் ஸ்கொட்லாந்திடம் தோற்றுவிட்டார்கள். ஸ்கொட்லாந்து! எழுபத்தைந்திலும் எழுபத்தொன்பதிலும் உலகக் கிண்ணத்தைத் தூக்கியவர்கள், எண்பத்துமூன்றில் இறுதி ஆட்டம் வரை போனவர்கள், இந்த முறை உலகக் கிண்ணப் போட்டிக்கே போகவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் இல்லாத உலகக் கிண்ணம் இதுதான் முதல் தடவை. எனக்கு வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கிறது. தேத்தண்ணி கூட வாய்க்குப் பிடிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
செல்வரட்ணம்


மெரிலேண்ட்ஸ், சிட்னி
19.07.2023

அன்பான தம்பி ரட்ணத்துக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. மூட்டு வலி என்னோடு கூடப் பிறந்த மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மற்றபடி சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஊரில் பங்கீட்டுக் கூப்பன் கடையில் வாங்கிய மாதிரி ஒரே பருப்பும் சோறுமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

உன் நிபந்தனைக்கு நான் கட்டுப்படுகிறேன். கிரிக்கெட் பற்றி மட்டும் எழுதுவேன். ஆனால் எனக்குக் கிரிக்கெட் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பந்து போடுகிறவனும் அடிக்கிறவனும் ஒரே பக்கமா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். ஆகவே எனக்குத் தெரிந்த அளவில் எங்கள் மெரிலேண்ட்ஸ் அணியைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் அணியில் இரண்டே பேர். நான் பழைய ஆட்டக்காரி, மே மாதம் மெல்பேணிலிருந்து புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். திறமைசாலி. வந்த மூன்றாம் கிழமையே இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை எடுத்துவிட்டாள். ஆனால் ஆட்டத்தில் கவனம் குறைவு. சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்கிறாள். ஸ்கொட்லாந்திடம் தோற்ற அன்று விடிய எழும்பிப் பார்த்தால், கதிரையில் கால் மடித்து இருந்து ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்ன பிள்ளை?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை மாமி, அங்க ஒராள் தனிய இருந்து அழுதுகொண்டிருப்பார்" என்றாள். இப்போது அவளுக்கு இருமல் வேறு.

இதில் கிழிக்க ஒன்றும் இல்லை. எல்லாம் கிரிக்கெட்தான்.

இப்படிக்கு உன் அக்கா,
ஞானமலர்


வெரிபீ
22.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பதில் போடப் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். உலகக் கிண்ணம் முடியட்டும் என்று இருந்தேன். ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. சொந்தக்காரர் யாரும் இல்லாத கலியாண வீட்டுக்குப் போய் என்ன செய்கிறது? அவுஸ்திரேலியா வென்றதாம், பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் மூன்று நாளாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள், மன்னாரில் பிறந்தவனுக்கு மேற்கிந்தியத் தீவுகள் என்ன உறவு என்று. அக்கா, அது ஒரு நாடே இல்லை. பத்துப் பதினைந்து தீவு. தீவுக்குத் தீவு தனிக் கொடி, தனிக் காசு, ஒருவனுக்கு ஒருவன் ஆகாது. மைதானத்துக்குள் இறங்கும்போது மட்டும் ஒன்றாகிவிடுவார்கள். கூலி வேலைக்கும் அடிமை வேலைக்கும் கப்பலில் ஏற்றிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், ஏற்றிப் போனவனின் விளையாட்டிலேயே அவனைப் பதினைந்து வருடம் அடித்துத் துவைத்தார்கள். நாடில்லாமல் ஓர் அணி உலகத்தை வெல்லலாம் என்றால் எங்களைப் போன்றவனுக்கு நெஞ்சு நிமிராதா? நான் இந்த நாட்டுக்கு வந்து கார்த் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாள் "உன் அணி எது?" என்று கேட்டார்கள். "எங்கட ஆக்கள் மேற்கிந்தியர்" என்றேன். முழுத் தொழிற்சாலையும் சிரித்தது. எனக்கு வெட்கமே வரவில்லை.

உங்கள் அணியின் புது ஆட்டக்காரிக்கு இருமல் என்று எழுதியிருந்தீர்கள். பொதுவாகச் சொல்கிறேன், ஆட்டக்காரர் யாருக்கும் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போட்டு அவித்த தண்ணி நல்லது. கொஞ்சம் பனங்கட்டியும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குடிக்கமாட்டாள்.

அன்புத் தம்பி,
ரட்ணம்


மெரிலேண்ட்ஸ்
08.12.2023

அன்பான தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன்.

இருமல் போய் மூன்று மாதம். உன் கடிதம் வர அவ்வளவு காலம். ஆனாலும் மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தேன், பனங்கட்டியோடு. "ஆர் சொன்னது?" என்று கேட்டாள். "ஒரு கிரிக்கெட் நிபுணர்" என்றேன். இருமல் இல்லாமலே மூன்று நாள் குடித்தாள்.

நீ எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். நெஞ்சு நிமிர்கிறது என்கிறாய். நல்லது. "எங்கட ஆக்கள்" என்கிறாய். அதுவும் நல்லது. ஆனால் மே மாதம் ரெலிபோனில், "கறுவல் மருமகனைக் கொண்டு வந்தால் சனத்துக்கு என்ன சொல்லுறது?" என்று கத்தியதும் நீதான். நாங்கள் என்ன பாலில் தோய்த்து எடுத்த பிள்ளைகளா? பந்து போடும்போது எங்கட ஆக்கள், பெண் கேட்கும்போது யாரோ ஆக்கள். இது என்ன கணக்கு தம்பி? கோபிக்காதே. இதையும் கிரிக்கெட் என்றே எழுதுகிறேன்.

அணிச் செய்தி ஒன்று. எங்கள் ஆட்டக்காரியின் பெரிய ஆட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. வரும் வருடம் யூன் 22, சனிக்கிழமை, காலை பத்தரை மணி, எங்கள் பங்குக் கோயில். வாசலிலிருந்து பீடம் வரை கையைப் பிடித்து அழைத்துப் போக ஒரு தலைவர் தேவை. இடம் காலியாக இருக்கிறது.

யேசு பிறப்பு வருகிறது, நத்தார்ப் பரிசாக ஒரு ரிக்கெற் அனுப்புகிறேன். பெப்ரவரி 4, ஞாயிறு, சிட்னி மைதானம், உன் ஆக்கள் விளையாடுகிறார்கள். வந்து போ.

அக்கா மலர்


வெரிபீ
29.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், நல்ல சுகம்! நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்று பிரிஸ்பேணில் எட்டு ஓட்டத்தால் வென்றுவிட்டோம். எட்டே எட்டு! இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு இந்த மண்ணில் ஒரு டெஸ்ட் வெற்றி. முந்தின நாள் கால் பெருவிரலில் பந்து பட்டு, ஆட்களின் தோளில் சாய்ந்து வெளியே போன பொடியன் அக்கா. ஆற்றில் படகேறிப் போனால்தான் வெளியுலகம் என்கிற கயானாக் கிராமத்துப் பிள்ளை. அந்தக் காலோடு வந்து ஏழு விக்கெட் எடுத்தான். கடைசி விக்கெட் விழுந்ததும் அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? குழந்தைப்பிள்ளை மாதிரிக் குரல் விட்டு அழுதேன். பிறகு திரும்பிப் பார்த்தால் வீட்டில் சொல்ல ஒருவரும் இல்லை. வெளியே ஓடிப் போய்ப் பஞ்சாபிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் எனக்கு ஏதோ லொத்தர் விழுந்துவிட்டது என்று நினைத்தார்.

முந்தியெல்லாம் எங்கட ஆக்கள் வென்றால் இந்த வீட்டில் இரண்டு பேர் சத்தம் போடுவோம். சரி, அது போகட்டும்.

பரிசுக்கு நன்றி. வெள்ளிக்கிழமை இங்கே மெல்பேண் ஆட்டத்துக்குப் போய்விட்டு, ஞாயிறு சிட்னிக்கு வருகிறேன். கிரிக்கெட்டுக்கு மட்டும். உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டலில் படுத்துவிட்டுத் திரும்புவேன். குறை நினைக்க வேண்டாம்.

ரட்ணம்


வெரிபீ
06.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வெள்ளி எட்டு விக்கெட்டால் தோல்வி, ஞாயிறு எண்பத்துமூன்று ஓட்டத்தால் தோல்வி. பிரிஸ்பேணில் மூட்டிய அடுப்பு ஒரு கிழமைக்குள் அணைந்துவிட்டது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வீண் போகவில்லை. கேளுங்கள் ஒரு புதினத்தை.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு பொடியன், முப்பத்தைந்து வயது இருக்கும். பார்த்த உடனேயே தெரிந்தது, அந்தப் பக்கத்து ஆள். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! எழும்பிக் கை கொடுத்து, "என் பெயர் கென்ரிக், செயின்ட் வின்சென்ட் தீவு" என்றான். நான் உடனே எழுபத்தைந்தாம் ஆண்டு இறுதி ஆட்டத்திலிருந்து தொடங்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, இப்போது எந்தப் பக்கம் பந்து அடிக்கிறது?" என்று கேட்கிறான்! அக்கா, மேற்கிந்தியன், கிரிக்கெட் தெரியாது! நான் செத்துப் பிழைத்தேன். சின்ன வயதில் பந்து மூக்கில் பட்டு ரத்தம் வந்ததாம், அதோடு விட்டானாம். எக்ஸ்ரே எடுக்கிற வேலையாம்.

ஆனால் நல்ல பிள்ளை. ஊரில் தன்னை யாரும் மேற்கிந்தியன் என்று சொல்வதில்லையாம், வின்சென்ட்காரன் என்பார்களாம். "இந்த மைதானத்துக்குள்ளும் வெளிநாட்டிலும்தான் நான் மேற்கிந்தியன்" என்றான். நாங்கள் கொழும்பில் மன்னார்காரர், இங்கே தமிழர் என்கிற மாதிரி. எனக்குப் பிடித்துப்போயிற்று.

"தனியாகவா வந்தீர்கள்?" என்று கேட்டான். முன்பின் தெரியாதவன்தானே என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு மகள், எல்லா ஆட்டத்துக்கும் என்னோடு வந்து தொண்டை கிழியக் கத்துவாள், இப்போது வருவதில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. எழும்பிப் போய் இரண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தான். என்னுடையதில் சீனி போடவில்லை, எப்படித் தெரியுமோ. போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்தான். "அவள் வருவாள் ஐயா" என்றான். பெற்றவர்கள் நல்லாக வளர்த்திருக்கிறார்கள்.

ரட்ணம்


மெரிலேண்ட்ஸ்
12.02.2024

அன்பான தம்பிக்கு,

நான் சுகம். நீ இதை வாசிக்க முதல் கதிரையில் இருந்துகொள்.

அந்த ஆளின் பெயரை எழுதக் கூடாது என்று எனக்குக் கட்டளை. ஏழு மாதம் எழுதவில்லை. இப்போது நீயே உன் கையால் எழுதி அனுப்பியிருக்கிறாய். ஆகவே நானும் எழுதலாம். கென்ரிக்.

ஓம் தம்பி, அவன்தான். இரண்டு ரிக்கெற்றையும் நான்தான் எடுத்தேன். அவன் உனக்குப் பொய் சொல்லவில்லை, முதல் வார்த்தையே தன் பெயரைத்தான் சொன்னான். அந்தப் பெயரைத் தெரியாமல் வைத்திருந்தது யார்? உன் சீனி வருத்தம் என் மூலம் அவனுக்குத் தெரியும்.

அன்றிரவு அவன் இங்கே வந்ததும் இவள் கேட்டாள், "அப்பா என்ன சொன்னவர்?" அவன் சொன்னான், "உன் அப்பாவுக்கு உன்னில் கோபம் இல்லை. உன்னைத் தேடுகிறார்." பெரிய ஆட்டக்காரி அன்றுதான் அழுதாள்.

கோபம் என்றால் என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா மலர்


மெரிலேண்ட்ஸ்
02.04.2024

தம்பிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. உன் சுகத்தைக் கேட்டால் பதில் இல்லை, என் சுகத்தை எழுதிப் பயன் இல்லை. உன் பஞ்சாபிக்காரரிடம் ரெலிபோனில் கேட்டேன், காலையில் நடக்கப் போகிறாயாம், குப்பை வாளியை ஒழுங்காக வெளியே வைக்கிறாயாம். அது போதும் எனக்கு.

ஏமாற்றியது தப்புத்தான். ஆனால் வேறு வழி நீ விட்டுவைக்கவில்லை.

மலர்


வெரிபீ
27.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா?

வரும் கிழமை இருபது ஓவர் உலகக் கிண்ணம் தொடங்குகிறது. இந்த முறை எங்கட ஆக்களின் சொந்தத் தீவுகளில். இந்தக் கிண்ணத்தை இரண்டாயிரத்துப் பன்னிரண்டிலும் பதினாறிலும் எடுத்தவர்கள். இறுதி ஆட்டம் பார்படோஸில். வீட்டு வாசலில் வைத்து வெல்லாவிட்டால் வேறு எங்கே வெல்வது? எனக்கு இனி எத்தனை உலகக் கிண்ணம் பார்க்கக் கிடைக்குமோ தெரியாது. இது வரும் என்று மனம் சொல்கிறது.

அட்டவணையைப் பார்த்தேன். இரண்டாம் சுற்றுக்கு வந்தால் அவர்களுடைய முக்கியமான ஆட்டம் எங்கள் நேரப்படி யூன் 22, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் யாராவது கோயிலில் ஆட்டம் வைப்பார்களா? மாலையில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ரட்ணம்


மெரிலேண்ட்ஸ்
05.06.2024

அன்பான தம்பிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதே பெரிய சுகம்.

நேரத்தை மாற்ற முடியாது. மாலையில் கோயிலில் வேறு பூசை. நீ கேட்டதைச் சொன்னேன், இவள் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் கலியாண அறிவித்தலின் முதல் ஓலை வாசித்தார்கள். "வெரிபீயில் வசிக்கும் செல்வரட்ணத்தின் மகள்" என்று பங்குச் சுவாமி உன் பெயரைச் சத்தமாக வாசித்தார். சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள்.

கென்ரிக்கின் தாய் வந்துவிட்டாள். பெண்ணை யார் அழைத்து வருவது என்று கேட்டாள். எங்கள் தெரு மகாதேவன் அங்கிளைக் கேட்கலாமா என்று நான் இழுத்தேன். இவள் சொன்னாள், "வேற ஒருதரும் வேண்டாம் மாமி. அப்பா வராட்டி நான் தனிய நடந்து வாறன்."

எனக்கு உன்னில் சரியான கோபம் தம்பி. இதைக் கிரிக்கெட் மாதிரி எழுத எனக்கு இனித் தெம்பில்லை.

அக்கா


வெரிபீ
25.06.2024

அன்பு மகள் ஜெனோஜாவுக்கு,

அப்பா எழுதுவது. சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். நீயும் கென்ரிக்கும் சுகமா? ஹோம்புஷில் எடுத்த வீடு குளிர் என்று மாமி சொன்னாள், ஹீற்றரை மிச்சம் பிடிக்காமல் போடுங்கள்.

ஓலையில் என் பெயரை வாசித்தார்கள் என்று மாமி எழுதியதை வாசித்த அன்றே விமான ரிக்கெற் எடுத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் கால் பின்வாங்கினால் உன்னை இரண்டாம் தரமும் ஏமாற்றின மாதிரி ஆகும் என்ற பயம்.

கோயில் வாசலில் என்னைக் கண்டதும் நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. "அப்பா, ரை கோணலாக் கிடக்கு" என்று சொல்லி என் கழுத்தில் சரிப்பண்ணினாய். அழுதது நான்தான். பாதி வழியில், "இப்ப மட்ச் நடக்குதெல்லோ?" என்று காதுக்குள் கேட்டாய். "நடக்கட்டும், நீ நட" என்றேன். பீடத்தடியில் அவன் கையில் உன் கையை வைக்கும்போது, அவன் என்னுடைய கையையும் சேர்த்துப் பிடித்தான். மைதானத்தில் பிடித்த அதே பிடிதான். நான் தலையை ஆட்டினேன்.

விருந்தில் உன் மாமியார் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். "ஒரு நாள் முழுக்க என் மகனோடு இருந்தும் உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் சுவாமி திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னாள், தானும் எட்டு மாதம் மகனோடு பேசவில்லையாம். யாரோ தெரியாத இனம், என்ன ஆட்களோ என்று பயமாம். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இன்னொரு துண்டு கேக்கை அவள் தட்டில் வைத்தேன்.

நேற்று எங்கட ஆக்கள் தென்னாபிரிக்காவிடம் தோற்றுவிட்டார்கள். மழை வந்து, கடைசி ஓவர் வரை இழுத்து, மூன்று விக்கெட்டால். இந்தக் கிண்ணமும் போயிற்று. கவலைதான். மத்தியானம் நல்லாகச் சாப்பிட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் இதை மூட முடியவில்லை. அப்பா வராவிட்டால் தனியாக நடப்பேன் என்றாய். நீ சொன்னால் செய்வாய், எனக்குத் தெரியும். அந்தக் கோயிலில் அவ்வளவு சனமும் பார்த்திருக்க நீ தனியாக நடந்துதான் இருப்பாய். அன்று அதே நேரத்தில் அமெரிக்காவை ஒன்பது விக்கெட்டால் வென்றார்கள். பிறகு பார்த்தேன், அருமையான ஆட்டம். நான் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதிரையில் இருந்து கை தட்டிக்கொண்டு இருந்திருப்பேன் பிள்ளை. அதை நினைக்க எனக்கு இன்னும் நெஞ்சு நடுங்குகிறது.

அப்பா